எங்கே இறங்கப் போறேள்?

போன புதன்கிழமை வியன்னாவில், ஓடுகிற டிராமுக்குள், என் கணவர் ஒரு பெண்மணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, டிராமின் அடுத்த கோடிக்குப் போய்விட்டார்.

அப்படி என்னதான் கேட்டார் மனுஷர்?

"மேடம், வேர் ஆர் யூ கெட்டிங் டவுன்?"

அவ்வளவுதான்!

பம்பாய் வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்ற ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்கள் லோக்கல் ரயிலில் ஏறியதும் யாரும் இடம் தேடுவதில்லை. இருந்தால்தானே தேட? உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் நின்று, "கிதர் உதர்னா ஹை?" என்று கேட்போம். எங்கே இறங்கணும்? அவர் "வடாலா" என்றால், வடாலாவிலிருந்து அந்த சீட் நம்முடையது. பின்னால் வேறு யாராவது வந்து கேட்டால், "மேரா போலா ஹுவா ஹை" என்றால் போதும். நான் ஏற்கெனவே சொல்லி வைத்தாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

செம்பூரிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரை உத்தியோக காலம் முழுக்க லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், போய் வந்தவள் நான். குடுமிப்பிடி சண்டையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் 'சொல்லி வைத்த' சீட்டை இன்னொருத்தி பறித்துப் பார்த்ததில்லை.

அன்று டிராமில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். எனக்கு முழங்கால் வலி. மனைவிக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுக்க நல்ல மனதோடு கேட்டார் இவர். (புதிதாக வந்த வாசகர்களுக்கு: இந்தப் பத்தியில் 'இவர்' என்றால் அவர்தான்.) முன்பின் தெரியாத ஆள் வந்து 'நீ எங்கே இறங்குவாய்?' என்று கேட்டால் வியன்னாக்காரி என்ன நினைப்பாள்? பின்னாலேயே வரப்போகிறான் என்றுதானே?

இவருக்கு அது எதுவும் உறைக்கவில்லை. காலியான சீட்டைத் தட்டிக் காட்டி, "பார்த்தியா? கேட்டாக் கிடைக்கும். வா, உக்காரு" என்றார்.

"ஏன்னா, அவ பயந்து ஓடினா! மானம் போறது."

"அரே, எந்த ஊரா இருந்தா என்ன, சீட் சீட்டுதானே?"

உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கு மானம் எம்மாத்திரம்?

சரி, நாங்கள் ஏன் வியன்னா டிராமில் இருக்கிறோம்? நாலைந்து வாரமாக உங்களிடமிருந்து மெயில் மேல் மெயில். "ஐரோப்பா டூராமே! கொடுத்து வைத்தவர்!" "வியன்னாவை ஆற அமரச் சுற்றிப் பார்த்து எழுதுங்கள்!" எழுதுகிறேன். ஆற அமரத்தான் சுற்றுகிறோம். வேறு வழியில்லாமல்.

செம்பூரில் நாங்கள் இருந்த கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்விட்டது. பம்பாயில் இது தெருவுக்குத் தெரு நடக்கிற கூத்து. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு பில்டர் வானம் முட்டக் கட்டித் தருவார். முடிகிறவரை நாம் வேறெங்காவது இருக்க வேண்டும். எப்போது முடியும்? அது பில்டருக்கும் பகவானுக்கும்தான் வெளிச்சம். பாத்திரம் பண்டங்களை மாதுங்காவில் நாத்தனார் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்தபோது கார்த்திக் போன் பண்ணினான். எங்கள் ஒரே பிள்ளை. வியன்னாவில் கம்ப்யூட்டர் வேலை.

"எதுக்குப்பா வாடகைக்கு வீடு தேடிண்டு? இங்க வாங்கோ."

வாங்கோ என்றான். எதுவரை என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் 'எதுவரை?' என்று கேட்கிற பழக்கம் நம்மில் உண்டா என்ன? விசா மூன்று மாதம். நான் மூன்று மாதம் என்று எடுத்துக்கொண்டேன். இவர் மிச்ச ஆயுசுக்கும் என்று எடுத்துக்கொண்டார். அப்பா அம்மாவை அங்கேயே வைத்துக்கொள்ள என்னென்ன பேப்பர் வேண்டும் என்று யூடியூபில் பார்த்து வைத்துக்கொண்டார். அந்த ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாயால் மட்டும் கேட்க மாட்டார்.

"நாமளாக் கேட்டா நன்னாருக்காது. அவனே சொல்வான் பாரு" என்பார்.

கார்த்திக்கின் ஃப்ளாட்டில் இரண்டே அறை. அவனும் மருமகள் மேதாவும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். மேதா டோம்பிவலி மராட்டிப் பெண். அதிர்ந்து பேச மாட்டாள். வந்த மறுநாள் சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள். குக்கர் விசில் அடித்தது பாருங்கள்... கார்த்திக் ஓடி வந்த ஓட்டம் இருக்கிறதே! அம்மா மயங்கி விழுந்தாள் என்றால்கூட அப்படி ஓடி வந்திருக்க மாட்டான். பெருங்காயம் தாளித்தால் மேதா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். மீட்டிங்கில் வாசனைகூடவா கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தினமும் காலையில் டிபன் ஆனதும் மேதாவிடமிருந்து ஒரே பாட்டு.

"அம்மா, ஆப் லோக் ஆராம் ஸே கூமியே."

நீங்கள் நிதானமாகச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அர்த்தம். ஆராம் ஸே! ஆற அமர! இரண்டுக்கும் என்ன பொருத்தம் பாருங்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் திரும்பினால், "அதுக்குள்ள வந்துட்டேளா?" என்பான் கார்த்திக். அன்பாகத்தான் கேட்பான். கதவைப் பாதிதான் திறந்திருப்பான்.

நாங்களும் சுற்றினோம். அரண்மனை, அதற்குப் பின்னால் தோட்டம், மியூசியம், சர்ச், இன்னொரு சர்ச். எல்லாம் அழகு. குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். ஊர் சுற்றுகிற சந்தோஷத்தில் பாதி, களைத்துப்போய் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்பதில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அரண்மனைத் தோட்டமும் ரயில்வே வெயிட்டிங் ரூமும் ஒன்றுதான். மழை வந்தால் சர்ச்சுக்குள் போய் உட்காருவோம். கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இவர் அரைக் கும்பிடு போடுவார்.

மாதுங்காவில், கல்யாணமான புதிதில், ஒன்றரை ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். மூச்சு முட்டும். பாத்ரூமுக்குக் க்யூ. சண்டை இல்லாத நாள் கிடையாது. ஆனால் யாரையும் யாரும் 'வெளியே போய்விட்டு சாயங்காலம் வா' என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லத் தெரியவில்லையோ என்னவோ!

புதன்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாள் சாப்பிட்டு முடித்ததும் கார்த்திக் இவரிடம், "அப்பா, நாளைக்கு உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். ஃப்ரீ ஆனதும் போன் பண்றேன்" என்றான்.

போதாதா? இவர் விடியற்காலையிலேயே எழுந்து ஷேவ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதே காலையில் செம்பூரிலிருந்து சந்துபாய் கூப்பிட்டார். வீட்டு புரோக்கர். நான்தான் கிளம்புவதற்கு முன்னால் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பழைய கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியாகிறதாம். தரைத்தளம். என் முழங்காலுக்கு அதைவிட என்ன வேண்டும்? காய்கறிக்காரர், டாக்டர், கோயில், எல்லாம் பழையபடியே. "பாபி, ஆஜ் ஷாம் தக் போல் தோ" என்றார். பாபி என்றால் அண்ணி, அதாவது நான். இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே பட்டப்பகல்.

"சரின்னு சொல்லிடுங்கோ" என்றேன்.

"கொஞ்சம் பொறு. கார்த்தி பேசட்டும்."

"அவன் என்ன பேசப்போறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? ரெண்டு மூணு நாளா அவன் முகத்தைப் பார்த்தியோ? சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம... கூச்சப்படறான். 'அப்பா, இங்கயே இருந்துடுங்கோ'ன்னு சொல்லப் போறான். அப்போ போய் நாம 'செம்பூர்ல வீடு பார்த்தாச்சு'ன்னா அவன் மனசு என்ன பாடுபடும்?"

பிள்ளை மனசு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாதாடவில்லை. ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கும் ஒரு நப்பாசை. இல்லையென்று சொன்னால் அது பொய்.

டிராமிலிருந்து இறங்கி ஒரு காபி ஹவுஸுக்குப் போனோம். வியன்னாவில் காபி ஹவுஸ் என்பது தனி ராஜ்யம். ஒரு காபி வாங்கிக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம். சின்னத் தட்டில் காபி, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், படிக்கப் பேப்பர். ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒரு ஜீவன் கேட்காது.

இவர் சுற்றிலும் பார்த்துப் பூரித்துப்போனார்.

"நம்ம மாதுங்கா ஹோட்டலா இருந்தா என்ன ஆகும்? கடைசி வாய் இட்லியை முழுங்கறதுக்குள்ள அடுத்த ஃபேமிலி நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிக்கும். இங்க பாரு, பில்லே வரலை. வயசான காலத்துல இருக்க வேண்டிய ஊர்டீ இது."

திட்டங்கள் ஆரம்பமாயின. காலையில் எந்தப் பார்க்கில் வாக்கிங். எந்தக் கடையில் தயிர் நன்றாக இருக்கிறது. ஜெர்மன் கிளாஸில் சேர்ந்தால் என்ன. சர்வரைப் பார்த்து "பிட்டே, பிட்டே" என்றார். 'தயவுசெய்து' என்று அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடியுரிமையே வாங்கிவிடுவார் போலிருந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பூரில் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

"சந்துபாய்க்கு ஒரு வார்த்தை..."

"பொறுடீ!"

போன் அடித்தது. கார்த்திக்.

போனை ஸ்பீக்கரில் போட்டார் இவர். நம் ஊர்ப் பழக்கம். நமக்கு வருகிற போனை ஊரே கேட்க வேண்டும். பக்கத்து மேஜைக் கிழவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"அப்பா, ஒரு குட் நியூஸ். மேதா எக்ஸ்பெக்டிங்."

"அரே வா!" இவர் மேஜையைத் தட்டிய தட்டில் காபி துளும்பியது. "அம்மாவும் கேட்டுண்டிருக்கா. எத்தனை மாசம்டா?"

"மூணு முடிஞ்சுது. அப்பா... இன்னொரு விஷயம். உங்க டிக்கெட்டைக் கொஞ்சம் ப்ரீபோன் பண்ண முடியுமா?"

ப்ரீபோன்! தேதியை முன்னால் இழுப்பது என்று அர்த்தம், நம் ஆபீஸ்களில் பிறந்து வளர்ந்த வார்த்தை. மீட்டிங்கை ப்ரீபோன் பண்ணியிருக்கிறேன், லீவை ப்ரீபோன் பண்ணியிருக்கிறேன். பெற்றவர்களையும் பண்ணலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

"மேதாவோட ஆயீ வரா. நெக்ஸ்ட் வீக். இவளுக்கு ஒரே வாமிட்டிங், ஒரு வாசனையும் பிடிக்கலை. அவ அம்மா இருந்தா கம்ஃபர்ட்டபிளா ஃபீல் பண்ணுவா. ரெண்டு ரூம்தானேப்பா, எல்லாரும் இருந்தா அட்ஜஸ்ட் பண்றது கஷ்டம். நீங்க தப்பா எடுத்துக்கப்படாது. ஆயீக்கு டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. போன மாசமே."

போன மாசமே.

போன மாசம் நாங்கள் எங்கே இருந்தோம்? அடுத்த அறையில்!

இவர் போனைப் பார்த்தார். பிறகு ரொம்ப சாதாரணமான குரலில், "அதுக்கென்னடா, பண்ணிட்டாப் போச்சு. மேதாவை ஜாக்கிரதையாப் பார்த்துக்கோ" என்றார். கட் பண்ணிவிட்டு போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"கேட்டுட்டான்" என்றார்.

"என்ன?"

"எங்க இறங்கறேள்னு."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஏன்னா, அந்த சீட் போன மாசமே சொல்லி வெச்சது. நாமதான் தெரியாம உக்காந்துண்டிருந்தோம்" என்றேன்.

தப்பு கார்த்திக்கிடமா? பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய்தான் துணை. இது நம் வழக்கம். நானே நாலு பேருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன். அதனால் வாயைத் திறந்து ஒரு நியாயமும் பேச முடியாது. இடம் போனது எனக்கு வலிக்கவில்லை. டோம்பிவலியில் இருக்கிறவளுக்கு முதல் நாளே தெரிந்த சேதி, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. அதுதான் வலித்தது. ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவள், பெருங்காயத்துக்குக் கதவு சாத்தினால் எதற்கு என்று புரிய வேண்டாமோ? மீட்டிங்காம் மீட்டிங்!

இவர் இப்போது அவசர அவசரமாக சந்துபாய்க்குப் போட்டார். மறுபடி ஸ்பீக்கர்.

"அரே சாப், அபி அபி கயா! பத்து நிமிஷம் முன்னாடி வந்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டான் ஒருத்தன். நான் பாபிகிட்ட ஷாம் தக்னு சொன்னேனே?" சந்துபாய்க்குத் தமிழ் நன்றாக வரும். செம்பூரில் எங்களோடு புழங்கிப் புழங்கி வந்த தமிழ். "உங்களுக்கு அர்ஜென்டா வேணும்னா என் கஸின் பில்டிங்ல ஒண்ணு இருக்கு. உல்லாஸ்நகர்ல. மூணாவது மாடி. லிஃப்ட் வரப் போகுது."

உல்லாஸ்நகர். கல்யாண் தாண்டி! அங்கிருந்து செம்பூருக்கு ஒரு டாக்டரைப் பார்க்க வந்து போவதற்குள் வியாதி தானாகவே குணமாகிவிடும்.

இவர் கிளாஸ் தண்ணீரை ஒரே மடக்காகக் குடித்தார். பிறகு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"நன்னாருக்கு போ. ஐரோப்பா உல்லாசப் பயணம்... கடைசி ஸ்டாப் உல்லாஸ்நகர்!"

எனக்கு இவர்மேல் கோபமான கோபம். காலையிலேயே ஒரு 'சரி' சொல்லியிருந்தால் தரைத்தளம், காய்கறிக்காரர், கோயில். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று இங்கே ஒருவர் காத்திருந்தார். பிள்ளையோ மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் போன் பண்ணினான். இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனுஷர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடினார், துடைப்பதற்கு. பேன்ட் போட்டிருப்பது மறந்துவிட்டது. என் புடவைத் தலைப்பை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே குதிரை வண்டியில் யாரோ டூரிஸ்ட்டுகள் கையசைத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பார்த்த காட்சிகளில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

ஐந்து மணி ஆனபிறகுதான் வீட்டுக்குப் போனோம். பழக்க தோஷம்.

கதவை மேதாவே திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவள் கன்னத்தைத் தடவினேன்.

"ஸாரி அம்மா" என்றாள். "மூணு மாசம் ஆகறவரை கிஸி கோ பி மத் பதாவோன்னு டாக்டர் சொன்னா."

யாருக்கும் சொல்லாதே என்றாராம். என்னோடு பேச அவள் கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில்தான் சொன்னாள். கிஸி கோ பி. யாருக்கும். பாவம், யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. அவளுடைய அம்மா அந்த 'யாருக்கும்'-இல் சேர்த்தி இல்லை. நாங்கள் சேர்த்தி.

"அதனால என்ன கண்ணா? வாய்க்கு என்ன வேணும் சொல்லு. புளிப்பா ஏதாவது பண்ணித் தரட்டுமா?"

"நஹீ அம்மா, வேண்டாம். ஆயீ ஆ ரஹீ ஹை நா..." அவள் அம்மாதான் வருகிறாளே!

பாட்டியாகப் போகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்தியமாக! சுவாமிக்கு விளக்கேற்றி, மனசாரக் கும்பிட்டுவிட்டு, பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன். கார்த்திக் ஓடி வந்து, "அம்மா, நீ கஷ்டப்படாதே, நான் எடுத்துத் தரேன்" என்று மேலே இருந்த இன்னொரு பெட்டியையும் இறக்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளை. வேலை செய்ய அலுக்கவே மாட்டான்.

உல்லாஸ்நகர் வீட்டுக்கு 'சரி' சொல்லியாயிற்று. இந்த முறை நான் சொன்னேன். இவரைக் கேட்கவில்லை.

இப்போது உங்களில் பலர் மெயில் எழுத உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும். 'வீட்டு விஷயத்தை இப்படிப் பகிரங்கமாக எழுதலாமா? பையன் படித்தால் மனசு என்ன பாடுபடும்?' என்று கேட்பீர்கள்.

கவலையே வேண்டாம். கார்த்திக்குக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. வாராவாரம் இந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்பில் போடுவேன். மேலே இருக்கிற என் படத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர் அம்மா" என்று கட்டைவிரலைத் தூக்குவான்.

இந்த வாரமும் தூக்குவான்.